குறுந்தகடும் உண்மைப்படியும்: ஒலித்தொகுப்பை இழப்பின்றிக் கணினிக்கு மாற்றுதல்

பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களின் கூட்டு முயற்சியால் உருவான ஒலிக் குறுந்தகடு 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அது இசைத்தட்டையும் ஒலிநாடாவையும் பெரிதும் பின்தள்ளியது. போதகர் இல்லங்களிலும், கல்லூரி நூலகங்களிலும், ஆலய அலுவலக அலமாரிகளிலும் இன்று குறுந்தகடுகள் அடுக்கடுக்காய் உள்ளன. அவற்றுள் கடையில் வாங்கியவை பல. பாடகர் குழுவின் பாடல்களையும், இப்போது நம்மிடையே இல்லாத பெரியோரின் அருளுரைகளையும் ஒரே ஒரு படியாகத் தாங்கி நிற்பவையும் சில உண்டு.

இத்தகடுகள் அழியாதவை என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. அது முழு உண்மையன்று. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரிலிருந்த ஓர் ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சிடப்பட்ட தகடுகள் பல, பிரதிபலிக்கும் படலம் அரிக்கப்பட்டு வெண்கல நிறமாகி, வாசிக்க இயலாதனவாயின. கணினியில் நாமே பதிவு செய்யும் தகடுகள் இவற்றினும் மென்மையானவை. அவற்றில் செய்தியைத் தாங்குவது ஒரு சாயப்படலம். வெயிலும் வெப்பமும் அதைக் கெடுக்கின்றன. மேலும், புதிய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தகட்டை வாசிக்கும் டிரைவே இல்லை. ஆகவே, தகட்டிலுள்ள ஒலியைக் கோப்புகளாக மாற்றி வைப்பதைத் தள்ளிப்போடுதல் தகாது.

தகட்டைக் கணினியில் இட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் படி கிடைத்துவிடும் என்பது பொதுவான எண்ணம். படி ஒன்று கிடைக்கும் என்பது மெய்யே. ஆயினும் அது உண்மைப்படிதானா என்பதே கேள்வி. மூலத்தோடு ஒத்திருக்கிறதென்று சோதித்து அறியப்பட்ட படியே உண்மைப்படி எனப்படும். அதைப் பெறும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

1. தகட்டில் எழுதப்பட்டிருப்பது யாது?

குறுந்தகட்டில் எழுதப்பட்டிருப்பவை எண்கள். ஒலியலையின் உயரம் ஒவ்வொரு வினாடியிலும் 44,100 முறை அளக்கப்படுகிறது. இவ்வளவு ஒவ்வொன்றையும் 'மாதிரி' என்பர். ஒரு மாதிரி 16 பிட் அளவுள்ளது. அதாவது 65,536 படிநிலைகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. இடம், வலம் என இரு தடங்கள் உண்டு. இவற்றைப் பெருக்கினால் வினாடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன. ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட்டும், ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 635 மெகாபைட்டும் தேவைப்படும். மனிதச் செவி கேட்கக்கூடிய அதிர்வின் மேல் எல்லை வினாடிக்குச் சுமார் 20,000 என்பதாலும், ஓர் அதிர்வைச் சரியாகப் பதிவதற்கு அதன் இருமடங்கிற்கு மேற்பட்ட மாதிரிகள் வேண்டும் என்பதாலும் இவ்வெண் தெரிந்துகொள்ளப்பட்டது.

எண்களாக இருப்பதில் ஒரு பெரும் நன்மை உண்டு. ஒலிநாடாவிலிருந்து எடுக்கும் படி ஒவ்வொன்றும் மூலத்தைவிடச் சற்றே தாழ்ந்ததாகும். எண்களையோ ஒன்றும் குறையாமல் எத்தனை முறையும் படியெடுக்கலாம். ஆனால் எண்கள் பிழையின்றி வாசிக்கப்பட வேண்டும். இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

2. இடைச்செருகல் என்னும் ஆபத்து

தகட்டில் தூசியும் கீறலும் இருக்கும் என்பதை அமைத்தோர் அறிந்திருந்தனர். ஆகவே ரீட், சாலமன் என்னும் கணித அறிஞர் இருவர் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட பிழைதிருத்த முறையை அதில் பயன்படுத்தினர். எண்கள் வரிசையாக எழுதப்படாமல் தடத்தின் நெடுகிலும் பரப்பி எழுதப்படுகின்றன. துணை எண்களும் சேர்க்கப்படுகின்றன. எனவே தடத்தின் வழியே சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளம் சிதைந்தாலும், மறைந்த எண்களைக் கணக்கிட்டு முழுமையாக மீட்டுவிடலாம்.

சிதைவு அதனினும் மிகுந்தால் என்ன நிகழ்கிறது? இசைக்கருவி நின்றுவிடுவதில்லை. மறைந்த மாதிரிக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை நோக்கி, இடையில் பொருத்தமானதோர் எண்ணைத் தானே அமைத்துக்கொள்கிறது. கேட்பவர் பெரும்பாலும் இதை உணர்வதில்லை. பாடத் திறனாய்வு பயின்ற வாசகர்களுக்கு இது புதிதன்று. சிதைந்த ஏட்டில் ஒரு சொல் மறைந்திருக்கும்போது, சபையில் உரக்க வாசிப்பவர் கருத்துக்கு இசைந்த ஒரு சொல்லைச் சேர்த்து வாசித்துவிடலாம். அதனால் கேட்போருக்குத் தடையில்லை. படியெடுப்பவர் அவ்வாறு செய்வாரானால் அது இடைச்செருகல் ஆகும். அவருடைய ஏட்டைப் பின்னர் வாசிப்பவர் அதையே மூலம் என்று கொள்வர்.

கணினித் தரவுகளுக்கான தகட்டில் இத்தகைய ஊகத்திற்கு இடமில்லை. அங்கே ஒவ்வொரு பகுதியிலும் 2,352 பைட்டுகளுள் 2,048 மட்டுமே பயனருக்கு உரியவை. எஞ்சியவற்றில் முகவரியும் கூடுதல் பிழைதிருத்தமும் அடங்கும். ஒலித்தகட்டிலோ 2,352 பைட்டுகளும் ஒலிக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. ஆகவேதான் சாதாரண மென்பொருளைக் கொண்டு விரைவாக எடுக்கும் படியில், கணினி எவ்வித எச்சரிக்கையும் தராமலே, ஊக எண்கள் நுழைந்துவிட இயலும்.

3. இருமுறை வாசித்தலும் சாட்சிகளை ஒப்பிடுதலும்

இவ்வாபத்தைத் தவிர்க்கவே சில மென்பொருள்கள் ஆக்கப்பட்டன. விண்டோஸ் கணினிக்கு 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி', மேக் கணினிக்கு 'எக்ஸ்.எல்.டி.', லினக்ஸ் கணினிக்கு 'விப்பர்' ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இவை ஒரு பகுதியை ஒரு முறைக்கு மேல் வாசித்து ஒப்பிடுகின்றன; வேறுபாடு காணின் மீண்டும் மீண்டும் வாசிக்கின்றன. தெளிவு பெறாத இடத்தை அறிக்கையில் குறித்துவிடுகின்றன. இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். டிரைவுகள் பல, தாம் ஒருமுறை வாசித்ததை நினைவில் வைத்திருந்து, இரண்டாம் முறை கேட்கும்போது தகட்டை நோக்காமலே அதைத் திருப்பித் தரும். அப்போது இரு வாசிப்புகளும் ஒத்திருப்பதில் பொருளில்லை. இந்நினைவைக் கடந்து வாசிக்குமாறு மென்பொருளின் அமைப்பில் முதலிலேயே குறித்துவிட வேண்டும்.

ஒரே டிரைவ் ஒரே தவற்றை இருமுறை செய்தல் கூடும் அன்றோ? ஆகவே வெளிச்சாட்சி தேவை. 'அக்யுரேட்ரிப்' என்னும் பொதுத்தொகுதி இதற்கென்றே உள்ளது. ஒரு தடத்தின் மாதிரிகள் அனைத்தையும் கணக்கிட்டு ஒரு சரிபார்ப்பு எண் பெறப்படுகிறது. அதே வெளியீட்டைத் தம் சொந்தத் தகட்டிலிருந்து, தம் சொந்த டிரைவினால் எடுத்த பிறர் பெற்ற எண்களோடு அது ஒப்பிடப்படுகிறது. கீறல்கள் தகட்டுக்குத் தகடு வேறுபடுமாதலால், தனித்தனியே எடுத்த பலரின் எண் ஒன்றாயிருப்பின் அது மூலத்தின் எண்ணே என நம்பலாம். மசோரேத்து அறிஞர்கள் எபிரெய நூல்களின் சொற்களையும் எழுத்துகளையும் எண்ணி இறுதியில் குறித்து வைத்தது போன்ற காவல் இது.

இரு தெளிவுரைகள் இங்கு வேண்டும். முதலாவது, டிரைவுகள் சரியாகக் குறித்த இடத்தில் வாசிக்கத் தொடங்குவதில்லை. வகைக்கேற்பச் சில மாதிரிகளோ சில நூறு மாதிரிகளோ முன்பின்னாகத் தொடங்கும். ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகள் ஆதலால் செவிக்கு இது புலப்படாது. ஆனால் சரிபார்ப்பு எண் மாறிவிடும். எனவே நம் டிரைவுக்குரிய விலகல் அளவை மென்பொருளில் குறித்தல் அவசியம். இரண்டாவது, ஒரே இசைப்பதிவு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறாக அச்சிடப்பட்டிருக்கலாம். அப்போது எண் ஒவ்வாமை பிழையைக் காட்டாது. வேறொரு பாடமரபைக் காட்டக்கூடும்.

நம் பாடகர் குழுவின் பதிவுத்தகட்டிற்கு இத்தொகுதியில் சாட்சி கிடையாது. அதற்கு வழி, இரு வேறு டிரைவுகளில் தனித்தனியே படியெடுத்து, இரண்டின் எண்களையும் ஒப்பிடுதலே. ஒவ்வாவிடில் தகட்டைத் துடைத்து மீண்டும் முயல வேண்டும். மென்மையான துணியால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைத்தலாகாது. தடத்தின் போக்கிலே விழும் கீறலே பிழைதிருத்தத்திற்கு எட்டாதது. பெயர் எழுதிய மேற்புறத்தையும் பேண வேண்டும். பிரதிபலிக்கும் படலம் அப்புறத்தில்தான் மெல்லிய பூச்சின் அடியில் உள்ளது. அங்கே படும் காயம் ஆறாது.

4. இழப்பற்ற சுருக்கம்

எண்களை எடுத்தபின் எவ்வடிவில் வைப்பது? எம்.பி.3 என்னும் வடிவம் மிகப் பரவலானது. உரத்த ஓர் ஒலி அருகிலுள்ள மெல்லிய ஒலியைச் செவிக்கு மறைத்துவிடும் என்னும் இயல்பை அது பயன்படுத்துகிறது. கேளாதெனத் தோன்றுவதைத் துல்லியம் குறைத்தோ நீக்கியோ எழுதுகிறது. வினாடிக்கு 128 கிலோபிட் அளவில் அமைந்த எம்.பி.3 கோப்பு, தகட்டின் தரவில் பதினொன்றில் ஒரு பங்கே. பயணத்தில் கேட்பதற்கு அது போதும். ஆனால் நீக்கப்பட்டதை எவ்வழியாலும் திரும்பப் பெற இயலாது. எம்.பி.3 கோப்பை இழப்பற்ற வடிவிற்கு மாற்றினால் கோப்பு பெரிதாகுமேயன்றி, இழந்தது வாராது.

'ஃபிளாக்' என்னும் வடிவம் வேறு வழியில் செல்கிறது. முந்திய மாதிரிகளைக் கொண்டு அடுத்ததை முன்கணித்து, கணிப்பிற்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அது எழுதுகிறது. 1000, 1010, 1020 என எண்கள் வரின், அடுத்தது 1030 எனக் கணிக்கலாம். உண்மையில் 1032 இருப்பின் 2 என எழுதினால் போதும். சிற்றெண்களுக்குச் சிற்றிடமே வேண்டும். திரும்பப் படிக்கும்போது அதே கணிப்பைச் செய்து வேறுபாட்டைக் கூட்டினால், மூல எண் ஒரு பிட்டும் பிசகாமல் கிடைக்கும். பொதுவாகக் கோப்பின் அளவு பாதியளவிலிருந்து மூன்றில் இரு பங்கு வரை சுருங்கும். சுருக்கத்திற்கு 0 முதல் 8 வரை நிலைகள் உண்டு, எல்லாமே இழப்பற்றவை. காலமும் அளவுமே சிறிது வேறுபடும்.

2001ஆம் ஆண்டில் முதல் முழுப்பதிப்பாக வெளிவந்த ஃபிளாக், உரிமத் தடையற்றது. 2024ஆம் ஆண்டில் இணையத்தின் தரவரையறைகளுள் ஒன்றாகவும் வெளியிடப்பட்டது. மூல ஒலியின் சரிபார்ப்பு எண்ணைக் கோப்பே தன்னுள் தாங்கியிருப்பது இதன் தனிச்சிறப்பு. பத்தாண்டு கழித்தும் அதைச் சோதித்து, கெடவில்லையென உறுதி செய்யலாம். ஆப்பிள் கருவிகளையே பயன்படுத்துவோருக்கு அந்நிறுவனத்தின் 'ஏலாக்' வடிவமும் இழப்பற்றதே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குறைவின்றி மாற்றலாம்.

5. பெயரிடுதல்

ஒலித்தகடுகள் பெரும்பாலானவற்றில் பாடலின் பெயரோ பாடியவர் பெயரோ எழுதப்பட்டிருப்பதில்லை. தடங்களின் எண்ணிக்கையும் நீளமும் மட்டுமே உண்டு. அவற்றைக்கொண்டு 'மியூசிக்பிரைன்ஸ்' போன்ற பொதுத்தொகுதிகளிலிருந்து கணினி பெயர்களைப் பெறுகிறது. இவை தன்னார்வலர் எழுதியவை. ஆகவே தகட்டின் உறையோடு ஒப்பிட்டுத் திருத்துதல் நம் கடமை.

பாக் இயற்றிய 'மத்தேயுவின்படி பாடுகள்' போன்ற படைப்பை எண்ணிப் பார்ப்போம். தகடுகள் இரண்டோ மூன்றோ, தடங்கள் பல. இயற்றியவர், இசை நடத்துநர், தனிப்பாடகர், குழு ஆகிய அனைவரையும் 'கலைஞர்' என்னும் ஒரே இடத்தில் அடைத்தால் தேடுதல் அரிதாகும். ஒவ்வொருவருக்கும் தனிக்குறிப்பு அமைக்க ஃபிளாக் இடந்தருகிறது; தமிழிலும் எழுதலாம். தகட்டு எண்ணையும் தட எண்ணையும் இரு இலக்கங்களில் எழுதினால் வரிசை குலையாது. இத்தகைய படைப்பில் வசனப் பகுதியிலிருந்து குழுப்பாடல் இடைவெளியின்றித் தொடர்வதுண்டு. இழப்பற்ற கோப்புகளில் தடத்தின் இறுதி மாதிரியை அடுத்து மறுதடத்தின் முதல் மாதிரி வருவதால், அத்தொடர்ச்சி காக்கப்படும்.

நம் சொந்தப் பதிவுகளுக்குப் பொதுத்தொகுதி உதவாது. பாடியோர், பேசியவர், இடம், நாள் ஆகியவற்றை அறிந்தோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுதல் வேண்டும். எண்களை மென்பொருள் காக்கும். பெயர்களை மனிதரின் நினைவு ஒன்றே தரும்.

6. சட்டமும் காப்பும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், தனிப்பட்ட பயன்பாட்டிற்கான நியாயமான கையாளுதலை அனுமதிக்கிறது. எல்லா நாடுகளிலும் இந்நிலை இல்லை. பிரித்தானியாவில் 2014ஆம் ஆண்டில் தரப்பட்ட இத்தகைய விலக்கு, 2015ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. எந்நாட்டிலும், படியெடுத்தபின் தகட்டை விற்றுவிட்டுப் படியை வைத்துக்கொள்வதும், நண்பர் பலருக்குக் கோப்புகளைப் பகிர்வதும் நேர்மையாகா. தகடு நம் உரிமைக்குச் சான்று. ஐயம் எழும்போது திரும்பிச் செல்லவேண்டிய மூலமும் அதுவே.

செலவு பெரிதன்று. 300 தகடுகளுக்குத் தகட்டிற்கு 400 மெகாபைட் எனக் கொண்டால் 120 ஜிகாபைட் போதும். பெரும் செலவு காலமே. நாளொன்றுக்கு ஐந்து தகடு வீதம் அறுபது நாள் ஆகும். பதிவுத்தகடுகளையும், வேறெங்கும் கிடைக்காதவற்றையும் முதலில் எடுக்க வேண்டும்; கடையில் மீண்டும் வாங்கத்தக்கவை காத்திருக்கலாம். கோப்புகள் ஒரே வன்தட்டில் இருப்பின் அது பழுதாகும் நாளில் அனைத்தும் அழியும். ஆகவே இரண்டாம் படி வேறொரு வன்தட்டிலும், மூன்றாம் படி வேறொரு கட்டடத்திலும் இருத்தல் நலம். ஆண்டுக்கொரு முறை சரிபார்ப்பு எண்களைச் சோதித்தலும் வேண்டும்.

முடிவுரை

சுருங்கக் கூறின், உண்மைப்படி மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டது. ஊகம் கலவாமல் வாசிக்கப்பட வேண்டும். குறைவின்றி எழுதப்பட வேண்டும். பின்வருவோர் தாமே சோதிக்கத்தக்க சான்றோடு வைக்கப்பட வேண்டும். கெட்டுப்போன ஓர் இடத்தைக் கெட்டதெனக் குறித்து வைத்த படி, அழகாக ஒலித்து அதை மறைக்கும் படியைவிட மேலானது. மென்பொருள் தரும் அறிக்கையையும் கோப்புகளோடு சேர்த்து வைத்தால், நமக்குப்பின் கேட்பவர் எதை நம்பலாம், எதை ஐயுற வேண்டும் என்பதை அறிந்துகொள்வர்.