காரும் சார்ஜரும் பேசிக்கொள்ளும் அரை நிமிடம்

நெடுஞ்சாலையோரச் சார்ஜிங் நிலையத்தில் கன்னை எடுத்துக் காரில் சொருகிவிட்டுக் கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். காரின் பூட்டு கன்னைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். பிறகு மௌனம். அடுத்து, காருக்குள் எங்கோ ஆழத்தில் ‘டக், டக்’ என்று இரண்டு சத்தம். உடனே சார்ஜர் பெட்டிக்குள் விசிறிகள் இரையத் தொடங்கும். திரையில் எண்கள் ஏற ஆரம்பித்ததும் வண்டிக்காரர் நிம்மதியாக டீ குடிக்கப் போவார்.

இடையில் வந்த அந்த அரை நிமிட மௌனத்தில்தான் எல்லாம் நடக்கிறது. பெட்ரோல் பங்க்கில் வண்டிக்கும் பம்புக்கும் பேசிக்கொள்ள எதுவும் இல்லை. குழாயைத் திறந்தால் பெட்ரோல் வரும். மின்சார காரும் சார்ஜரும் ஒன்றையொன்று விசாரித்து, சோதித்து, நம்பிக்கை வந்த பிறகே மின்சாரம் கைமாறுகிறது. விசாரணையில் ஒரு கேள்விக்குப் பதில் வராவிட்டாலும் திரையில் சிவப்பு எழுத்து தோன்றும். மின்சார காரில் வெளியூர் போகிறவர்களுக்கு இன்று இருக்கும் பெரிய கவலை, வழியில் சார்ஜர் இருக்குமா என்பதைவிட, இருக்கிற சார்ஜர் வேலை செய்யுமா என்பதுதான். அந்தக் கவலையின் வேர் எங்கே என்று தெரிய வேண்டுமானால், பெட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

வீட்டுச் சார்ஜிங், வழிச் சார்ஜிங்

மின்கம்பத்திலிருந்து வருவது ஏசி மின்சாரம்; பேட்டரி ஏற்பது டிசி மின்சாரம். எனவே வழியில் எங்காவது ஓரிடத்தில் ஏசி டிசியாக மாறியே தீர வேண்டும். மாற்றுகிற கருவி காருக்குள் இருந்தால் மெதுவான சார்ஜிங். வெளியே பெரிய பெட்டியில் இருந்தால் வேகமான சார்ஜிங்.

காருக்குள் இருக்கும் கருவி சிறியது. எடையும் விலையும் கூடாமல் இருக்க, பெரும்பாலும் 3.3 அல்லது 7.2 கிலோவாட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். சில கார்களில் 11 கிலோவாட் உண்டு. வீட்டுச் சுவரில் மாட்டும் ஏசி பெட்டியைச் ‘சார்ஜர்’ என்று சொன்னாலும், அது உண்மையில் பாதுகாப்பான ஒரு ஸ்விட்ச். சார்ஜர் காருக்குள்தான் இருக்கிறது.

40 யூனிட் பிடிக்கும் பேட்டரியை 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற 28 யூனிட் வேண்டும். 3.3 கிலோவாட்டில் அதற்கு எட்டரை மணி நேரம் பிடிக்கும், 7.2 கிலோவாட்டில் சுமார் நான்கு மணி நேரம். இரவில் வீட்டில் போட்டுவிட்டுத் தூங்குகிறவருக்கு இது தாராளம். சென்னையிலிருந்து மதுரைக்குச் சுமார் 460 கிலோமீட்டர் போகிறவர், உளுந்தூர்பேட்டையில் நான்கு மணி நேரம் காத்திருக்க முடியாது. அவருக்காகத்தான் டிசி ஃபாஸ்ட் சார்ஜர்.

ஆளுயரப் பெட்டிக்குள் புத்தக அலமாரியில் அடுக்கியதுபோல, ஏசியை டிசியாக மாற்றும் 20 அல்லது 30 கிலோவாட் மாட்யூல்கள் வரிசையாக இருக்கும். இரண்டு 30 சேர்ந்தால் 60 கிலோவாட். நான்கு சேர்ந்தால் 120. ஒரு 60 கிலோவாட் பெட்டி இழுக்கிற மின்சாரம், 5 கிலோவாட் இணைப்புள்ள 12 வீடுகள் ஒரே நேரத்தில் முழுச் சுமையில் இழுப்பதற்குச் சமம். நான்கைந்து பெட்டிகள் வைக்க நினைக்கிற நிலையத்துக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மரே தேவைப்படுவது இதனால்தான்.

சார்ஜ் ஏற்றும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 60 கிலோவாட் பெட்டியில் இரண்டு கன் தொங்கினால், இரண்டிலும் கார் நிற்கும்போது பல பெட்டிகள் ஆளுக்கு 30 ஆகப் பங்கு பிரித்துவிடும். பக்கத்துக் கார் வந்து நின்றதும் உங்கள் வேகம் பாதியானால், அது பழுதல்ல, பங்கீடு.

கன்னுக்குள் நடக்கும் பேச்சு

இந்தியாவில் விற்கும் இன்றைய மின்சார கார்களில் சார்ஜிங் துளை பெரும்பாலும் சிசிஎஸ்2 வகை. மேலே வட்டமான பகுதியில் ஏழு பின்களுக்கு இடம். கீழே தடித்த இரண்டு பின்கள். வேகமான மின்சாரம் பாய்வது கீழ் இரண்டில். மேலே இருப்பவற்றில் இரண்டு சிறிய பின்களுக்கு மின்சாரம் ஏற்றும் வேலையே இல்லை. ஒன்று, கன் ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பது. மற்றொன்று பேசுவது.

பேச்சைத் தொடங்குவது சார்ஜர். அந்தப் பேச்சுப் பின்னில் அது 12 வோல்ட் வைத்துக் காத்திருக்கும். கன் சொருகப்பட்டதும் காருக்குள் இருக்கும் ஒரு மின்தடை அதை 9 வோல்ட்டுக்கு இறக்கும். ‘ஆள் வந்திருக்கிறார்’ என்று சார்ஜருக்குப் புரிந்துவிடும். அதன் பிறகு அதே கம்பி வழியாக விரிவான உரையாடல். கார் தன் பேட்டரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, அதிகபட்சம் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று சொல்லும். சார்ஜர் தன்னால் எவ்வளவு தர முடியும் என்று சொல்லும்.

அடுத்தது சோதனை. கேபிளில் மின்னழுத்தத்தை ஏற்றி, எங்காவது கசிவு இருக்கிறதா என்று சார்ஜர் பார்க்கும். கசிந்தால் அங்கேயே நின்றுவிடும். நூற்றுக்கணக்கான வோல்ட்டை மழையில் நின்றபடி கையில் பிடிக்கிற மனிதருக்கு இந்தச் சோதனைதான் காப்பு.

கடைசிக் கட்டம் சமன்படுத்துதல். கார் பேட்டரி 350 வோல்ட்டில் இருந்தால், சார்ஜர் தன் பக்கத்தையும் ஏறக்குறைய 350-க்குக் கொண்டுவரும். இரண்டு பக்கமும் நீர்மட்டம் சமமான பிறகு மதகைத் திறப்பதுபோல, அழுத்தம் சமமான பிறகுதான் காருக்குள் இருக்கும் பெரிய ஸ்விட்சுகள் மூடும். இல்லையென்றால் தீப்பொறி பறக்கும். நீங்கள் கேட்ட ‘டக், டக்’ அந்த ஸ்விட்சுகளின் சத்தம்தான்.

அதன் பிறகும் பேச்சு நிற்பதில்லை. எவ்வளவு வேண்டும் என்று கார் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். சார்ஜர் அதற்கேற்பக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கேள்வி நின்றால் மின்சாரமும் நிற்கும்.

மரக்காலில் நெல் அளப்பவர் முதலில் இரு கையாலும் அள்ளிக் கொட்டுவார். தலை நிரம்பும் நேரத்தில் கைப்பிடி கைப்பிடியாகத்தான் போடுவார்; அவசரப்பட்டால் சிந்திவிடும். பேட்டரியும் அப்படியே. ஏறக்குறைய 80 சதவீதம் நிரம்பிய பிறகு லித்தியம் அயனிகளை வேகமாகத் தள்ளினால், அவை கிராஃபைட் அடுக்குக்குள் புக நேரமில்லாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். பேட்டரியின் ஆயுள் குறையும். அதனால் கார் தானாகவே கேட்பதைக் குறைத்துக்கொள்கிறது. கடைசி 20 சதவீதத்துக்காக நிற்கும் நேரத்தில், பின்னால் காத்திருக்கும் ஒருவர் தன் பயணத்தைத் தொடர்ந்திருக்க முடியும். வரிசை இருக்கும் இடத்தில் 80-இல் கன்னைக் கழற்றுவது மரியாதை. உங்கள் நேரத்துக்கும் அதுவே லாபம்.

எங்கே அறுபடுகிறது?

இத்தனை கைகள் கோத்து நிற்கிற சங்கிலியில் எந்தக் கை விட்டாலும் சார்ஜிங் நடக்காது. மேலிருந்து பார்ப்போம்.

மின்சாரமே தடைப்படலாம். வந்தாலும் அழுத்தம் குறைவாக இருக்கலாம். எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் பாதுகாப்புக்காக மறுத்துவிடும்; வீட்டுச் சார்ஜிங்கிலும் அடிக்கடி தலைவலி தருவது இந்த எர்த்தான். பெட்டியின் காற்று வடிகட்டியில் சாலைத் தூசி அடைத்துக்கொண்டால் மாட்யூல்கள் சூடேறும். சித்திரை வெயிலில் மேற்கூரை இல்லாமல் நிற்கிற பெட்டி, தன்னைக் காத்துக்கொள்ளப் பாதி வேகத்துக்கு இறங்கும். கன்னைத் தரையில் போட்டுவிட்டுப் போகிறவர்களால் பின்களில் மண் சேரும், பூட்டு உடையும், கேபிள் மேல் வண்டி ஏறும்.

கண்ணுக்குத் தெரியாத பழுதுகள் இன்னும் அதிகம். சார்ஜரைத் தொலைவிலிருக்கும் கணினியோடு இணைப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஒரு சிம் கார்டு. சிக்னல் போனால் பணம் கட்ட வழியில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி, ஒவ்வொன்றிலும் முன்பணம் போட ஒரு வாலட் என்கிற நிலையில், இரவு 11 மணிக்கு ஓடிபி வராமல் நிற்கிறவரின் தவிப்பை நினைத்துப் பாருங்கள். புதிய கார் மாடலின் மென்பொருளும் பழைய சார்ஜரின் மென்பொருளும் ஒரே தரநிலையை வெவ்வேறு விதமாகப் புரிந்துகொண்டு, பாதிப் பேச்சில் முறித்துக்கொள்வதும் உண்டு.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில், 2022-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 657 ஃபாஸ்ட் சார்ஜிங் கன்களை நேரில் போய்ச் சோதித்தார்கள். ஒழுங்காக வேலை செய்தவை 72.5 சதவீதம்தான். மற்றவற்றில் திரை செத்திருந்தது, பணம் ஏற்கவில்லை, சார்ஜிங் தொடங்கவில்லை, இணைப்பு இல்லை, கன் உடைந்திருந்தது. கேபிள் காருக்கு எட்டாத இடங்களும் இருந்தன. மின்சார கார்கள் பெருகிய, பணமும் தொழில்நுட்பமும் குறைவில்லாத ஊரின் நிலை இது.

எண்ணிக்கையும் நம்பிக்கையும்

இந்திய அரசு 2018-இலேயே ஒரு வரைபடம் போட்டது. நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு நிலையம். நெடுஞ்சாலையில் இரு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று. சார்ஜிங் நிலையம் நடத்துவது மின்சாரம் விற்பதாகாது, சேவைதான், தனி உரிமம் தேவையில்லை என்றும் அதே ஆண்டில் தெளிவுபடுத்தியது. 2024 பிப்ரவரியில் நாட்டில் 12,146 பொது நிலையங்கள் இருந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை 25,000-ஐத் தாண்டியது. 2024-இல் வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பொதுச் சார்ஜிங்குக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பெரிய முயற்சி, பாராட்ட வேண்டியது.

ஆனால் வண்டியில் 12 சதவீதத்தோடு வருகிறவருக்கு நாட்டில் எத்தனை என்பது பதிலாகாது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். நான்கில் மூன்று முறை வேலை செய்யும் ஒரு சார்ஜர் தனியாக நின்றால், நான்கில் ஒருவர் ஏமாந்து போவார். அதே தரத்தில் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றால், இரண்டுமே கைவிடும் வாய்ப்பு 16-இல் 1. நான்கு நின்றால் 256-இல் 1. நான்கு ஊர்களில் ஒவ்வொன்றாக வைப்பதைவிட ஓரிடத்தில் நான்கு வைப்பது பயணிக்குத் தைரியம் தரும். வரிசையும் வேகமாக நகரும்.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. நான்கும் தனித்தனியாகப் பழுதாக வேண்டும். ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே சிம், ஒரே சர்வர் என்றால், அது படுக்கும்போது நான்கும் சேர்ந்து படுக்கும். எனவே இணைப்பு அறுந்தாலும் சார்ஜிங்கைத் தொடங்கவைக்கும் வசதி பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நம்பகத்தன்மையைச் சட்டமாகவே எழுதிய நாடுகள் உண்டு. பிரிட்டனில் 50 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட வேகமான சார்ஜர்களை நடத்தும் நிறுவனம், தன் வலைப்பின்னலை ஆண்டில் சராசரியாக 99 சதவீத நேரம் இயங்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. செயலி இல்லாமல் வங்கி அட்டையைக் காட்டிப் பணம் கட்டவும், 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கும் உதவி எண் இருக்கவும் அங்கே விதி உண்டு. அமெரிக்கா தன் அரசு நிதி பெறும் சார்ஜர்களுக்கு 2023-இல் 97 சதவீதம் என்று வைத்தது. 97 என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. மீதி 3 சதவீதம் என்பது ஆண்டில் ஏறக்குறைய 11 நாள். அந்த 11 நாளில் பொங்கலோ தீபாவளியோ வந்துவிட்டால், ஊருக்குப் போகிறவருக்கு அந்தச் சார்ஜர் இல்லாததற்குச் சமம்.

இதிலும் ஒரு நுட்பம். சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும் சார்ஜர், பின் உடைந்திருந்தாலும் செயலியில் பச்சை நிறத்தில்தான் தெரியும். ஆகவே பெட்டி எத்தனை மணி நேரம் உயிரோடிருந்தது என்று அளப்பதைவிட, கன்னைச் சொருகிய 100 பேரில் எத்தனை பேருக்கு முதல் முயற்சியிலேயே சார்ஜ் ஏறியது என்று அளக்க வேண்டும். அந்த எண்ணை ஒவ்வொரு நிலையமும் வாசலில் எழுதி வைக்கட்டும். நிறுவனங்கள் தாமாகவே தூசியைத் துடைக்கத் தொடங்கும்.

புறப்படுவதற்கு முன்

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. ஒற்றைச் சார்ஜர் இருக்கும் இடத்தைத் தவிர்த்து, பல கன்கள் உள்ள நிலையத்தைத் திட்டத்தில் வையுங்கள். கடைசி நேரம்வரை ஓட்டாமல், அடுத்த நிலையத்துக்குப் போகும் அளவு மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். அந்த இடத்தில் கடைசியாக எப்போது யார் வெற்றிகரமாகச் சார்ஜ் செய்தார்கள் என்று பயனர் குறிப்புகளில் பாருங்கள். செயலிகளையும் வாலட்டையும் வீட்டிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். பேச்சு முறிந்தால் கன்னைக் கழற்றி, காரைப் பூட்டித் திறந்து, கன்னை நன்றாக அழுத்திப் பிடித்து மறுபடி சொருகிப் பாருங்கள்; அதன் எடையே பின்களைச் சற்று விலக்கிவிடுவதுண்டு.

பெட்டியின் முகத்தில் இருக்கும் சிவப்பு எமர்ஜென்சி பட்டனையும் ஒருமுறை பாருங்கள். யாரோ விளையாட்டாகவோ பயத்திலோ அதை அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். அது உள்ளே சிக்கியிருக்கும்வரை எந்தக் காருக்கும் மின்சாரம் வராது. பெரும்பாலான பெட்டிகளில் அதை லேசாகத் திருகினால் வெளியே வந்துவிடும். ஆனால் தீ, கருகல் வாசனை, அறுந்த கேபிள் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, உதவி எண்ணில் கேட்டுவிட்டுத் திருகுவதே முறை.

பெட்ரோல் பங்க்கில் குழாய் அடைத்தால் உடனே பார்க்க ஒருவர் அங்கேயே நிற்கிறார். லட்சக்கணக்கில் செலவழித்து நட்ட சார்ஜர்களில் பல, ஓட்டல் வாசலிலும் காலி மனை ஓரத்திலும் கேட்பாரின்றி நிற்கின்றன. பக்கத்து டீக்கடைக்காரருக்கோ வாட்ச்மேனுக்கோ மாதம் ஒரு சிறு தொகை கொடுத்து, கேபிளைச் சுற்றி மாட்டவும், வடிகட்டியைத் தட்டவும், பழுதென்றால் போன் போடவும், சிவப்புப் பட்டனை எப்போது எப்படித் திருகுவது என்றும் சொல்லிக்கொடுத்தால் போதும். காருக்கும் சார்ஜருக்கும் நடுவில் நடக்கும் அந்த அரை நிமிடப் பேச்சு நல்லபடி முடிய, பக்கத்தில் பொறுப்பான ஒரு மனிதர் வேண்டும்.