சாக்கடையில் விளையும் டீசல்

இராமாநுசர் வாழ்ந்த மேல்கோட்டைக்கு நம்மவர் மைசூர் வழியாகவோ மண்டியா வழியாகவோ மலையேறுவர். அவ்விரு ஊர்களின் கழிவுநீரைப் பற்றியே இங்குப் பேசப் புகுகிறோம்.

கழிவுநீர்ப் பாசியில் எண்ணெய் உண்டெனப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் ஆராய்ந்து கண்டனர். பாக்டீரியாக்கள் சிலவும் அவ்வாறே. ரோடோகாக்கஸ் ஒபேக்கஸ் என்னும் பாக்டீரியா, கரிச்சத்து மிகுந்தும் நைட்ரஜன் குறைந்தும் இருக்குங்கால், தன் உலர்ந்த எடையில் பாதிக்குமேல் கொழுப்பாகச் சேமிக்கும். பஞ்சத்துக்கு அஞ்சிய குடியானவன் குதிரை நிரப்புவது போல. அக்கொழுப்பு, வினையூக்கியின் துணையால் மெத்தனாலுடன் சேர்ந்து, உயிரி டீசலும் கிளிசரினும் ஆகும்.

ஆனால் மைசூர் போன்ற நகரங்களின் சாக்கடையில் நைட்ரஜன் மிகுதி. அங்கே பாக்டீரியா பெருகுமேயன்றிக் கொழுக்காது. மண்டியாவின் சர்க்கரை ஆலைக் கழிவுபோல் இனிப்புச் சத்து எஞ்சிய நீரே ஏற்றதென்பது நம் கருத்து. அதிலும், நுண்ணுயிரைப் பிரித்து உலர்த்தும் செலவுதான் இன்னும் பெருந்தடை.