ராலே தெருவில் பிறந்த வண்டி

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் ராலே தெரு என்று ஒரு தெரு. 1880களில் அங்கே ஒரு சின்னப் பட்டறையில் வாரத்துக்கு மூன்று சைக்கிள்கள் தயாராயின. ஹாங்காங்கில் பணம் சேர்த்து, உடம்பு கெட்டு ஊர் திரும்பியிருந்த ஃபிராங்க் பவுடன் அவற்றில் ஒன்றை வாங்கினார். சைக்கிள் ஓட்டச் சொன்னவர் அவருடைய மருத்துவர். ஓட்டினார், உடம்பு தேறியது. வண்டி பிடித்துப்போனதால் 1887-ல் பட்டறையிலேயே பணம் போட்டார். அடுத்த ஆண்டு உருவான நிறுவனத்துக்குத் தெருவின் பெயரே நிலைத்தது. 1896-க்குள் ராலே உலகின் மிகப் பெரிய சைக்கிள் நிறுவனமாகிவிட்டது.

அதன் பெரிய பலம் பின்சக்கரத்துக்குள் இருந்தது. 1902-03-ல் வந்த ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் அமைப்பில் எல்லாப் பல்சக்கரங்களும் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மழையும் சேறும் உள்ளே புகாது. நடு கியரில் குடம் செயின் பல்சக்கரத்தோடு அப்படியே சுற்றும். 1936-ல் வந்த ஏ.டபிள்யூ. வகையில், மேட்டில் ஏறக் கீழ் கியர் போட்டால் வேகம் கால் பங்கு குறைந்து மிதிப்பது இலேசாகும். மேல் கியரில் மூன்றில் ஒரு பங்கு கூடும்.

நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ராலே என்றாலே நினைவுக்கு வருவது கறுப்பு ரோட்ஸ்டர்தான். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், முழுதும் மூடிய செயின் கவர், முன்கழுத்தில் நாரைத் தலை முத்திரை. சுதந்திரத்துக்குப் பிறகு அசன்சோலில் சென்-ராலே ஆலையே வந்தது.

1950களின் தொடக்கத்தில் நாட்டிங்காமில் ஆண்டுக்குப் பத்து லட்சம் வண்டிகள் தயாராயின. பிறகு மேலை நாடுகளில் காரும் ஸ்கூட்டரும் பெருக, விற்பனை சரிந்தது. 1960-ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமம் ராலேயைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1949-ல் முருகப்பா குழுமத்தோடு கைகோத்துச் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியதும் இதே குழுமம்தான்.

தளர்ந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது ஒரு சிறுவர் வண்டி. 1970-ல் பிரிட்டனில் அறிமுகமான சாப்பருக்கு முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெரியது. நீண்ட சீட்டுக்குப் பின்னால் முதுகுச் சாய்வு. கார் கியர் போல நடுக்கம்பியில் ஒரு நெம்புகோல். பதினைந்து லட்சம் வண்டிகள் விற்றன. பந்தயத்திலும் பெயர் நிலைத்தது: 1980-ல் டூர் டி பிரான்ஸை வென்ற யோப் சூட்டமெல்க், டி.ஐ.-ராலே அணியின் வீரர்.

2002-ல் நாட்டிங்காமில் உற்பத்தி நின்றது. ஆலை நின்ற நிலத்தில் இன்று பல்கலைக்கழக வளாகம். ஸ்டர்மி-ஆர்ச்சர் குடங்கள் இப்போது தைவானில் தயாராகின்றன.

தாத்தா காலத்து மூன்று கியர் ராலே வீட்டில் இருந்தால், பின்குடத்தில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துப் பாருங்கள். 1950கள், 60களின் குடமாக இருந்தால், அது செய்யப்பட்ட ஆண்டும் மாதமும் இரும்பில் பொறித்திருக்கும்.