அடிக்கடி என்றால் எத்தனை தடவை?

“அடிக்கடி போன் பண்ணு, கண்ணு!”

ஊரிலிருந்து பாட்டி இப்படிச் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நீங்களும் “சரி பாட்டி, பண்றேன்” என்று சொல்லியிருப்பீர்கள். ஆனால் அடிக்கடி என்றால் எத்தனை தடவை?

என் மகளிடம் கேட்டேன். “மாசத்துக்கு ஒரு தடவை பேசுறேனே! அது அடிக்கடிதானே?” என்றாள். மதுரையில் இருக்கும் என் அம்மாவிடம் கேட்டேன். “ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது பேசினாத்தான் அடிக்கடி” என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குள் எண் இல்லை, அவ்வளவுதான். “இங்கே பஸ் அடிக்கடி வரும்” என்று யாராவது சொன்னாலும் இதே கதைதான். பெரிய நகரத்தில் அது பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். சின்ன ஊரில் மணிக்கு ஒன்று வந்தாலே பெரிய விஷயம்!

அறிவியலுக்கு இது போதாது. அது இரண்டு கேள்விகள் கேட்கும். எத்தனை தடவை? எவ்வளவு நேரத்துக்குள்?

இப்போதே செய்து பாருங்கள். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வையுங்கள். துடிப்பு தெரிகிறதா? ஒரு நிமிடம் எண்ணுங்கள். 80 வந்ததா, 90 வந்ததா? மாடிப்படியில் ஏறி இறங்கிவிட்டு மறுபடி எண்ணுங்கள். “நெஞ்சு படபடன்னு அடிக்குது” என்பது பேச்சு. “நிமிடத்துக்கு 120” என்பது அளவு.

இனி இன்னொன்று. ஒரு அடிக்கோலை எடுங்கள். (இலங்கைத் தமிழர் வீட்டில் அடிமட்டம் என்பார்கள்.) அதன் ஒரு முனையை மேசையில் அழுத்திப் பிடித்து, வெளியே நீட்டியிருக்கும் முனையைத் தட்டுங்கள். நீளமாக நீட்டினால் மெதுவாக ஆடும். ‘டொய்ங்’ என்று தடித்த சத்தம் வரும். நீட்டிய பகுதியைக் குறைத்தால் வேகமாக ஆடும். சத்தமும் மெலிந்து கீச்சென்று ஆகும்.

ஒரு பொருள் ஒரு நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று சொல்லும் எண்ணுக்கு அதிர்வெண் என்று பெயர். அதிர்வு + எண். இலங்கைப் பாடநூல்களில் மீடிறன் என்று படிப்பார்கள். நொடிக்கு ஒரு தடவை அதிர்ந்தால் அது 1 ஹெர்ட்ஸ். வானொலி அலைகள் உண்மையில் இருக்கின்றன என்று 1880களில் சோதனை செய்து காட்டிய ஜெர்மன் விஞ்ஞானி ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் பெயர் அது.

சின்னப் பிள்ளைகளின் காது சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். யானைகள் 20-க்கும் கீழே, நமக்குக் கேட்காத ஒலியிலும் பேசிக்கொள்கின்றன. வயதாக ஆக, மனிதருக்கு முதலில் மங்குவது அதிர்வெண் அதிகமான ஒலிகள்தான்.

இப்போது பாட்டியிடம் திரும்பி வருவோம். போனில் நீங்கள் பேசும்போது அவர் “என்னது? என்ன சொன்னே?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? உங்களுக்குக் கோபம்கூட வந்திருக்கும். (என் மகளுக்கு வரும்.) பாட்டி கவனிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பழைய வகை வீட்டுத் தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிகளை மட்டுமே அனுப்பும். ‘ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சீறல் ஒலியில் பெரும் பகுதி 4000-க்கும் மேலே இருக்கிறது. அதைப் போன் பாதியிலேயே விட்டுவிடுகிறது. மீதி வருவதிலும் கொஞ்சத்தைப் பாட்டியின் காது விட்டுவிடுகிறது. அதனால் நீங்கள் “பஸ்” என்றால் அவருக்கு வெறும் “ப” மட்டும் கேட்கலாம்.

கீச்சுக் குரலில் கத்தினால் பயன் இல்லை. அவருக்குக் கேட்காத பக்கமாகவே குரல் ஏறிப் போகும். கொஞ்சம் தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். நாங்கள் அப்படிச் செய்து பார்த்தோம். “என்னது?” பாதியாகக் குறைந்தது. என் மகள் விரல்விட்டு எண்ணினாள்.

அடுத்த முறை பாட்டி “அடிக்கடி பேசு” என்றால், “வாரத்துக்கு எத்தனை தடவை, பாட்டி?” என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் பேரம் நடந்தது. என் அம்மா நான்கில் தொடங்கினார். என் மகள் ஒன்றில் தொடங்கினாள். இப்போது இரண்டு: புதன் ஒன்று, ஞாயிறு ஒன்று.