கந்தோருக்குச் சைக்கிளிற் செல்லலாமே!

தேகாப்பியாசத்துக்கு அவகாசம் இல்லை என்று கூறாத உத்தியோகத்தர் நம்மிடையே மிகச் சிலரே. காலையிற் கந்தோர், மாலையிற் சந்தை, பின்னர்ப் பிள்ளைகளின் பாடம், இடையிடையே கலியாணவீடு, செத்தவீடு என்று வாரத்தின் ஏழு நாட்களும் கழிந்துவிடுகின்றன. இவற்றுக்கு நடுவே, "ஞாயிறு காலையில் ஒரு மணித்தியாலம் சைக்கிள் மிதிப்பேன்" என்று சங்கற்பம் செய்துகொள்பவர் இரண்டு வாரம் அதனை நிறைவேற்றுவார். மூன்றாம் வாரம் விருந்தினர் வருவர். நான்காம் வாரம் ரயரிற் காற்று இராது.

இதற்குச் சோம்பலே காரணம் என்பர் சிலர். அஃதன்று. தனியாக நேரம் ஒதுக்கவேண்டிய எக்காரியமும் வேலை மிகுந்த வாரத்தில் முதலிற் கைவிடப்படும். கந்தோருக்குப் போவதையோ எவரும் கைவிடுவதில்லை. ஆகவே, சைக்கிளுக்கென நேரம் தேடாமல், எப்படியும் செய்தே தீரவேண்டிய பிரயாணத்தைச் சைக்கிளிற் செய்வதே தக்க வழி.

கணக்குப் பார்ப்போம். வீட்டுக்கும் கந்தோருக்கும் இடையே மூன்றரைக் கிலோமீற்றர் என வைத்துக்கொள்வோம். மணிக்கு 14 கிலோமீற்றர் என்னும் நிதானமான வேகத்தில் அது 15 நிமிடப் பிரயாணம். போய்வர 30 நிமிடம். ஐந்து வேலைநாட்களில் 150 நிமிடம். வளர்ந்தோர் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபடவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. அதன் கீழெல்லை இவ்வாறே நிறைவெய்திவிடும். அதே தூரத்துக்கு மோட்டார் சைக்கிளிலும் எட்டு நிமிடமாவது செல்லுமாதலால், நாளொன்றுக்கு நாம் மேலதிகமாகச் செலவிடுவது கால் மணித்தியாலமே!

நீரிழிவுள்ளோர் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்று உண்டு. உழைக்கும் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கின்றன. உழைப்பு முடிந்த பின்னரும் இன்சுலின் நன்கு வேலைசெய்யும். ஆனால் இந்த நன்மை இரண்டொரு நாட்களில் மங்கிவிடும். ஞாயிறன்று செய்த பயிற்சி வியாழனுக்கு உதவாது. ஆதலின் நாள்தோறும் சிறிது மிதிப்பவரே அதிக பயன் பெறுவர். இருதய நோயுள்ளோரும் இன்சுலின் ஏற்றுவோரும் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொள்க.

குடாநாட்டவருக்குச் சைக்கிள் புதியதன்று. ஏறுவதற்கு மலையில்லாத நிலம் இது. 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் விறகும் வெங்காயமும் நோயாளியும் சைக்கிளிலேயே சென்றனர். 2022இற் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது தூசு படிந்த வண்டிகள் மீண்டும் தெருவுக்கு வந்தன. வரிசை குறைந்ததும் பல வண்டிகள் கொட்டிலுக்கே திரும்பிவிட்டன என்பதுதான் வருத்தம். இல்லாமையால் ஏறியவர்கள், பெற்றோல் கிடைத்தபின் ஏறுவதற்கு வேறு காரணம் தேடவில்லை போலும்.

ஆண்டு முழுவதும் மிதிப்பதற்கு இடையூறாவது யாது? இருளன்று. கோபன்ஹேகன் நகரில் மார்கழி மாதத்துப் பகல் ஏழு மணித்தியாலமே. அங்கும் மக்கள் சைக்கிளில் வேலைக்குச் செல்கின்றனர். யாழ்ப்பாணத்திலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே வேறுபாடு. இங்கு நம்மைச் சோதிப்பது காற்றே. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை வரும். கோப்பாயிலிருந்து பட்டினத்துக்கு வருபவருக்குச் சோளகம் காலையில் எதிர்க்காற்று. ஆயினும் அந்நேரம் அது மெல்லியது. மாலையில் வலுக்கும்போதோ முதுகிற் கைவைத்துத் தள்ளுவதுபோல் வீடு சேர்க்கும். பண்ணைத் தாம்போதி வழியே வேலணைக்குத் திரும்புபவரின் பாடு நேர்மாறு. மறைவில்லாத கடல்வெளியில் மாலைக்காற்றை முழுமையாகத் தாங்கவேண்டும். மிதிப்பவர்மீது மோதும் காற்றின் சார்புவேகம் இருமடங்கானால் அதன் தடை நான்கு மடங்காகும். ஆகவே காற்றோடு மல்லுக்கட்டி வழமையான வேகத்தைப் பிடிக்க முயல்வது வீண். மெதுவாக மிதித்து, பத்து நிமிடம் முந்திப் புறப்படுவதே புத்தி.

ஐப்பசி முதல் மார்கழி வரையான மழைக்கு மழைக்கோட்டும், புத்தகங்களைச் சுற்ற ஒரு பிளாஸ்ரிக் பையும் போதும். நனைந்த பிறேக் கட்டை உடனே பிடிக்காது. ஆதலின் முன்கூட்டியே அழுத்தவேண்டும். வெள்ளத்தின் கீழ்ப் பள்ளம் தெரியாது. அத்தகைய நாளில் பஸ்ஸிற் செல்வது தோல்வியன்று. மழை விட்ட மறுநாளே மீண்டும் ஏறிவிடவேண்டும்.

மாணவர் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையானோருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டுமென அதே வழிகாட்டி கூறுகின்றது. பாடசாலை முடிந்ததும் ரியூசன் வகுப்புக்கு ஓடும் பிள்ளைக்கு விளையாட நேரமேது? வகுப்புக்கு வகுப்பு மிதிக்கும் தூரமே அதன் மைதானம். அதனையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கிப் பெற்றோர் பறித்துக்கொள்வது அன்பாயினும் அளவு மீறிய அன்பே. நெரிசலான பெருந்தெருவுக்கு அஞ்சுவோர், சற்றுச் சுற்றானாலும் ஒழுங்கைகளால் ஒரு வழியைத் தெரிந்து, முதலிற் பிள்ளையோடு கூடவே மிதித்துக் காட்டலாம்.

வண்டியைப் பேண ஞாயிறு மாலையிற் பத்து நிமிடம் போதும். ரயருக்குக் காற்றடித்து, செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, பிறேக் கட்டைகளின் தேய்வைப் பார்த்துக்கொள்க. கடற்காற்றுப் படும் ஊர்களிற் செயின் விரைவிற் கறள் பிடிக்கும். திங்கட் காலையில் வண்டி ஆயத்தமாக நில்லாவிடின், கை தானாகவே மோட்டார் சைக்கிளின் திறப்பைத் தேடும்.