பூந்தமல்லியிலிருந்து மூன்று மணி நேரம், அதற்கு மேல் டோலி

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 120 கி.மீ. போனால் வேலூர். அங்கிருந்து அரை மணி நேரத்தில் அணைக்கட்டு. அதற்குப் பின்னால் எழும் ஜவ்வாதுமலைத் தொடரில்தான் அல்லேரி மலைக் கிராமங்கள் இருக்கின்றன. அம்பத்தூரிலோ ஆவடியிலோ காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மலையடிவாரத்தில் இருக்கலாம். அதற்கு மேல்தான் தூரம் தொடங்குகிறது.

2023 மே மாத இறுதியில், அல்லேரியை ஒட்டிய அத்திமரத்துக்கொல்லையில், வீட்டுக்கு வெளியே தூங்கிய ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. பெற்றோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கினார்கள். மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸும் சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. மீதி வழியெல்லாம் தாய் பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு மலையேறினார். அந்தப் படத்தைத் தமிழ்நாடே பார்த்தது.

பாம்புக்கடியில் நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து நம்மிடம் இருக்கிறது. அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும் பங்கைத் தருவது, நம் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். தரையில் படுத்திருப்பவரை இரவில் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் தெரியாது. சில மணி நேரத்தில் இமை கீழே இறங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சு விடும் தசைகள் செயலிழக்கும். முறிமருந்தும் செயற்கைச் சுவாசமும் உரிய நேரத்தில் கிடைத்தால் பிழைக்க வைக்கலாம். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. 2024 நவம்பரில் பாம்புக்கடியை, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகவும் அரசு அறிவித்தது. மருந்தும் வண்டியும் சட்டமும் இருக்கின்றன. நோயாளி அவற்றிடம் வந்து சேர வழி இல்லை.

வழி இல்லாத ஊரில் டோலிதான் வண்டி. நீளமான மூங்கிலில் கம்பளியையோ பழைய புடவையையோ தொட்டில்போலக் கட்டி, நோயாளியை அதில் கிடத்துவார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தோள் கொடுப்பார்கள். தோள் மாற்ற ஆட்கள் கூடவே நடப்பார்கள். இரவென்றால் ஒருவர் டார்ச் லைட்டோடு முன்னால் போவார். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வடியும்வரை காத்திருக்க வேண்டும். இதற்கும் முன்னால், 108-ஐ அழைப்பதற்கே சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடி ஒருவர் ஓட வேண்டும். ஒரு நோயாளிக்காக ஊரின் திடகாத்திரமான ஆண்கள் பாதிப் பேர் கீழே இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் வேலைக்காக வெளியூர் போயிருக்கும் மாதங்களில் தூக்க ஆள் கிடைப்பதே பாடு. நிறைமாதக் கர்ப்பிணிகளை முன்கூட்டியே அழைத்து வந்து தங்கவைக்க மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறைகள் ஏற்படுத்தப்பட்டுள்ளன. நல்ல ஏற்பாடு. ஆனால் குறைமாதத்தில் வரும் வலி நாள் பார்த்து வருவதில்லை.

சாலை இல்லாத குறை மருத்துவத்தோடு நிற்பதில்லை. மலையில் விளையும் சாமையும் புளியும் தலைச்சுமையாகத்தான் இறங்குகின்றன. அவ்வளவு தூரம் சுமந்து வந்தவர் விலை படியவில்லை என்று திரும்பிப் போக முடியாது. வியாபாரி சொன்னதுதான் விலை. ரேஷன் அரிசி அதே பாதையில் அதே தலையில் மேலே ஏறுகிறது.

இது வேலூரோடு முடியும் கதையும் அல்ல. தருமபுரி மாவட்டம் கோட்டூர் மலைக்குத் தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மீது ஏறிப் போயிருக்கின்றன. நாமக்கல் மாவட்டம் போதமலைக்கு அவற்றைத் தலையில் சுமந்தார்கள். அங்கே 31 கி.மீ. சாலைக்குச் சுமார் 140 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது அண்மை ஆண்டுகளில்தான். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அந்த மக்கள் 1996-க்குப் பிறகே வாக்குரிமை பெற்றார்கள் என்ற செய்தி, 2024 கள்ளச்சாராயச் சாவுகளை ஒட்டி சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கின்போதுதான் பலருக்கும் தெரியவந்தது. இந்த மலைகள் பலவற்றில் வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் மூன்றரை லட்சம் பேர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இவர்களே பெரும் எண்ணிக்கை.

சரி, சாலை ஏன் வரவில்லை? பணம் இல்லை என்பது முழுப் பதில் அல்ல. இரண்டு விதிகளைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 2000-ல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம். சமவெளியில் 500 பேர் வாழும் குடியிருப்புக்குச் சாலை உண்டு. மலை மாநிலங்கள், பாலைவனப் பகுதிகள், அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையின் கீழ் வரும் பழங்குடிப் பகுதிகள் ஆகியவற்றில் 250 பேர் இருந்தாலே போதும். தமிழ்நாடு மலை மாநிலம் அல்ல. ஐந்தாவது அட்டவணைப் பகுதியும் இங்கே ஒன்றுகூட இல்லை. அதனால் மலைமேல் சிதறிக் கிடக்கும் நம் சிற்றூர்களைச் சமவெளிக்கான அளவுகோல் அளந்தது. முப்பது வீடு, நாற்பது வீடு உள்ள ஊர் 500 என்ற எண்ணை எப்போது எட்டும்?

இரண்டாவது, வன உரிமைச் சட்டம், 2006. அதன் 3(2) பிரிவு பள்ளி, மருந்தகம், குடிநீர்க் குழாய், சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்குக் காட்டு நிலத்தை எளிதாகத் தர வழிசெய்கிறது. கிராம சபை பரிந்துரைத்தால் போதும். மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே அனுமதி கிடைத்துவிடும். நிபந்தனை என்னவென்றால், ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குள் நிலம் அடங்க வேண்டும்; ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஹெக்டேர் தாராளம். சாலைக்கு? ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். தார் போடும் அகலம் 3.75 மீட்டர் என்றால் இரண்டே முக்கால் கிலோமீட்டருக்குள் நிலம் தீர்ந்துவிடும். ஓரத்தையும் வடிகாலையும் சேர்த்து ஆறு மீட்டர் எடுத்தால் ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மலைப்பாதையோ வளைந்து வளைந்து ஏழெட்டு கிலோமீட்டர் போகும். அப்படிப்பட்ட சாலைக்கு 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசின் அனுமதியும் மாற்று நிலமும் தேவை. கோப்பு ஆண்டுக்கணக்கில் நகரும். இதற்கிடையே, 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவை 2016-ல் உச்ச நீதிமன்றம் நீக்கும்வரை, வன உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை வழங்குவதே தமிழ்நாட்டில் முடங்கிக் கிடந்தது.

காட்டைக் காக்க வேண்டாமா என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. சாலையோடு ரிசார்ட்டும் நில வியாபாரமும் மலையேறுவதை ஏலகிரியில் பார்த்திருக்கிறோம். ஆனால் அதைத் தடுக்க வேண்டியது நிலச் சட்டத்தால். நோயாளியின் பாதையை மறிப்பதால் அல்ல. இதே ஜவ்வாதுமலையில் காவலூர் வானோக்கு நிலையம் இருக்கிறது. அதன் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. நட்சத்திரங்களைப் பார்க்கும் கண்ணாடி அவ்வளவு எடையோடு மேலே போக வழி கிடைத்தது. தேவை என்று அரசு முடிவெடுத்தால் மலை தடையாக இருப்பதில்லை.

குழந்தை இறந்த பிறகுதான் அல்லேரிச் சாலைக்கான வேலை வேகம் பிடித்தது. அடுத்த ஊருக்கும் ஒரு சாவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டு மலைக் குடியிருப்புகளுக்கு 250 பேர் என்ற அளவுகோலை மத்திய அரசு பொருத்த வேண்டும். சாலைக்கு மட்டுமாவது ஒரு ஹெக்டேர் வரம்பைத் தளர்த்த வேண்டும். மாநில அரசு, சாலை எட்டாத மலைச் சிற்றூர்களின் பட்டியலை, ஒவ்வொன்றின் கோப்பும் எந்த மேசையில் நிற்கிறது என்பதோடு சேர்த்து வெளியிட வேண்டும். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும் ஊரில் இருக்கும் நாம், வாக்கு கேட்டு வருகிறவர்களிடம் நம் தெருச் சாலையோடு அந்தப் பட்டியலையும் சேர்த்துக் கேட்போம்.