ஒரு மலை, இரண்டு வடிவங்கள்

மரக்கிளை, ஆரம், செவ்வகம், பின்னல் என ஆற்று வடிகாலமைப்பின் வகைகளைப் பல ஆண்டுகள் மனப்பாடப் பகுதியாகவே நடத்தினேன். ஒருநாள் எங்கள் ஜவ்வாது மலையைக் கரும்பலகையில் வரைந்தேன். மேற்குச் சரிவின் நீர் பாம்பாறு வழியே தென்பெண்ணைக்கு. வடக்கே அகரம் ஆறு பாலாற்றுக்கு. கிழக்கே செய்யாறும் பாலாற்றுக்கே. "மலையிலிருந்து பல திசைகளில் இறங்குவதால் இது ஆர வடிவம்" என்றேன்.

"செய்யாற்றை மட்டும் பார்த்தா மரக்கிளை மாதிரி இருக்கே சார்?" என்றாள் ஒரு மாணவி.

அவள் சொன்னது சரி. மலை முழுவதையும் பார்த்தால் ஆரம். ஓர் ஆற்றையும் அதன் ஓடைகளையும் பார்த்தால் மரக்கிளை. மேட்டிலிருந்து நீர் பிரியும் திசையைச் சரிவு முடிவு செய்கிறது. ஓடைகள் சேரும் விதத்தைப் பாறை முடிவு செய்கிறது. பாறை ஒரே சீராக இருந்தால் மரக்கிளை. விரிசல்கள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் செவ்வகம். கடினப் பாறையும் மென்பாறையும் அடுத்தடுத்து இருந்தால் பின்னல்.

இப்போது கசக்கிய தாளை மலைபோல் குவித்து, முகடுகளில் மை தடவி, நீர் தெளிக்கச் சொல்கிறேன். மை வழியும் தடங்களுக்கு மாணவர்களே பெயர் சூட்டுகிறார்கள். பிறகு ஒரு கேள்வி: "நம் ஊரில் பெய்யும் மழை கல்பாக்கம் பக்கம் கடலைச் சேருமா, கடலூர் பக்கமா?" விடை தேட வரைபடத்தை அவர்களாகவே விரிக்கிறார்கள். உங்கள் ஊர் ஓடையிலிருந்தும் இப்பாடத்தைத் தொடங்கலாம்.